வெறுங்கையோடு வா

பிப்ரவரி 9

சுண்டுவுக்கு,

முப்பத்தாறு வயதுக்காரனைச் சுண்டு என்று கூப்பிட்டால் கோபம் வரும் என்று தெரியும். வரட்டும். கோபத்திலாவது ஒரு வரி எழுதுவாய் அல்லவா.

நீ போன் நம்பரை மாற்றியது தெரியாமல் நான் பழைய நம்பருக்கே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு பெண் எடுத்தாள். குரலைக்கூடக் கவனிக்காமல், “தண்ணி குடிச்சியாடா?” என்று கேட்டுவிட்டேன். நல்ல பெண். “குடிச்சிட்டேன் அக்கா” என்று சொல்லிவிட்டு வைத்தாள். அத்தான் ஒரு நாள் முழுக்கச் சிரித்தார். பிறகு அவரே உன் பழைய முதலாளியிடம் போய்க் கெஞ்சி இந்த விலாசத்தை வாங்கி வந்தார். இதுவும் ஏசி ரிப்பேர் செய்யும் கடைதானாம். அங்கேயே மாடியில் தங்கியிருக்கிறாயாம். அதற்கு மேல் அந்த மனிதரின் வாயைப் பிடுங்க முடியவில்லை.

போன பெரிய வெள்ளியை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. போதகர் என்ன புதிதாகச் சொல்லிவிட்டார்? வருஷா வருஷம் சொல்வதைத்தான் சொன்னார். ஒரு அக்கா தன் உடம்பிலிருந்து ஒரு கிட்னியை எடுத்துத் தம்பிக்குக் கொடுத்தாள், தம்பி அதற்குத் தகுதியா என்று அவள் பார்க்கவில்லை, கிறிஸ்துவும் சிலுவையில் நமக்காக அப்படித்தான் தம்மைக் கொடுத்தார், அந்தத் தம்பி இதோ நம் நடுவே இருக்கிறார், கொஞ்சம் எழுந்து நில்லுங்கள் என்று. ஒவ்வொரு வருஷமும் நின்றவன்தானே நீ? போன வருஷம் எழுந்தாய், அப்படியே வாசலைப் பார்த்து நடந்துவிட்டாய். சபை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது.

வீட்டுக்கு வந்து நான் கேட்டதிலும் தப்பில்லை. “நான் வயித்தையே கிழிச்சுக் குடுத்தேன். உன்னால ரெண்டு நிமிஷம் நிக்க முடியலையா?” என்று கேட்டேன். கேட்கும்போதே உன் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. அந்த முகத்தோடு பையைத் தூக்கிக்கொண்டு போனவன்தான்.

சரி, போகட்டும். தண்ணீர் நிறையக் குடி. வெயிலில் ஏணி ஏறி வேலை செய்கிறவன், பாட்டிலைக் கையோடு வைத்துக்கொள். மாத்திரையைக் காலை, இரவு இரண்டு வேளையும் தவறாமல் போடு. போதகர் இந்த வருஷமும் உன்னைக் கேட்டார். வருவான் என்று சொல்லியிருக்கிறேன். உன் உடம்பைப் பற்றி விசாரிக்கிறவர்களிடம் எல்லாம், கிட்னி ஜோராக ஓடுகிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

உன் அக்கா


பிப்ரவரி 24

அக்கா,

கடிதம் வந்தது. கடைப் பையன்கள் எல்லோரும் இப்போது என்னைச் சுண்டு என்கிறார்கள். உறைமேலேயே எழுதி அனுப்பியதற்கு நன்றி.

நீ கேட்டதால் சொல்கிறேன். நான் நின்றபோதெல்லாம் யாரும் என் முகத்தைப் பார்த்ததில்லை. வயிற்றைத்தான் பார்ப்பார்கள். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் ஒரு பெரியவர் என் சட்டையைத் தொட்டு, “எந்தப் பக்கம் வச்சிருக்காங்க?” என்பார். ஒரு அம்மா தன் பிள்ளையிடம், “இந்த மாமாவுக்குள்ள இன்னொருத்தங்களோட உசிரு இருக்கு” என்று காட்டினாள். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்து அழுதது. அது ஒன்றுக்குத்தான் அங்கே விஷயம் புரிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டிலும் அதே கதைதான். நான் இருமினால் நீ திரும்பிப் பார்ப்பாய். உப்பைக் கையில் எடுத்தால் அத்தான் தொண்டையைச் செருமுவார். பைக்கை வேகமாக ஓட்டினால், “உனக்குள்ள இருக்கிறது உன்னுது மட்டும் இல்ல” என்பாய். உண்மைதான். அதனால்தான் பதில் பேச முடியாது. யாருடனும் சண்டை போட முடியாது, கோபத்தில் ஒரு வேளை பட்டினி கிடக்க முடியாது. வாடகை வீட்டில் இருக்கிறவன் சுவரில் ஆணி அடிக்க யோசிப்பான் இல்லையா, அப்படித்தான் என் உடம்பில் நான் குடியிருந்தேன்.

உன்னைக் குற்றம் சொல்லவில்லை. நீ கொடுத்தது பெரிது. அது பெரிதாக இருப்பதுதான் எனக்கு மூச்சு முட்டுகிறது.

இந்த வருஷம் நான் வரமாட்டேன். போதகரிடம் சொல்லிவிடு. மாத்திரையை நான் ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. வேறு எதை நம்பாவிட்டாலும் அதை மட்டும் நம்பு. இனி எழுதாதே.


மார்ச் 6

தம்பி,

எழுதாதே என்றால் எழுதாமல் இருந்துவிடுவேன் என்று நினைத்தாயா? உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே போனவள் நான். அம்மா வேலையிலிருந்து வரும் வரை வகுப்பின் கடைசி பெஞ்சில் உன்னை உட்கார வைத்துக்கொண்டு பாடம் படித்தேன். இறக்கிவிட்டால் வீலென்று கத்துவாய். இன்று நான் பார்த்தாலே மூச்சு முட்டுகிறதாம்.

நீ மட்டும் சொன்னால் போதுமா, நானும் சொல்கிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு கனம் தூக்காதே என்றார்கள். ஓட்டல் சலவைக்கூடத்தில் மெஷின் பக்கம் நான்தான் மேற்பார்வை, உனக்குத் தெரியும். ஈரத் துணி வண்டியைத் தள்ள முடியாதவளுக்கு அங்கே என்ன வேலை? மடிக்கும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். நேற்று வந்த பெண்ணோடு எதிரும் புதிருமாக நின்று படுக்கை விரிப்பு மடிக்கிறேன். ஆளுக்கு இரண்டு முனை, விரித்துப் பிடிக்க வேண்டும், நடந்து வந்து சேர்க்க வேண்டும், மறுபடி விரிக்க வேண்டும். இதைப்பற்றி உன்னிடம் ஒரு நாளாவது மூக்கைச் சிந்தியிருக்கிறேனா? எதையாவது திருப்பிக் கேட்டிருக்கிறேனா? தண்ணீர் குடி என்று சொன்னேன். நன்றாக இரு என்று சொன்னேன். அது ஒரு குற்றமா?

இவ்வளவு எழுதிவிட்டு உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மாத்திரையைத் தவறவிட்டதே இல்லை, அதை மட்டும் நம்பு என்று ஏன் எழுதினாய்? அப்படி யாரும் உன்னைச் சந்தேகப்படவில்லையே. அத்தானிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, சாப்பாட்டைக்கூட மறந்து பஸ் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

எதை மறைக்கிறாய்? சுற்றி வளைக்காமல் சொல். எதுவாக இருந்தாலும் திட்டமாட்டேன்.

அக்கா


மார்ச் 15

அக்கா,

இதை ஆஸ்பத்திரி நாற்காலியில் சாய்ந்தபடி எழுதுகிறேன். இடது கையில் ஊசி குத்தி டியூப் மாட்டியிருக்கிறது, அந்தக் கையை அசைக்கக் கூடாது. வலது கை சும்மாதான் இருக்கிறது. பக்கத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. என் ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விடுகிறது. ஒரு வகையில் உன் தொழில்தான்.

உன் கிட்னி போய்விட்டது, அக்கா.

எப்படி எழுதுவது என்று இத்தனை மாதம் யோசித்தேன். கடைசியில் இவ்வளவுதான் வருகிறது. போன வருஷம் பெரிய வெள்ளிக்கு இரண்டு நாள் முன்னால் ரிப்போர்ட் வந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார். அதிலும் அதேதான். “கொஞ்சம் கொஞ்சமா வேலையைக் குறைச்சுக்கிட்டு வருது” என்றார். அந்த ரிப்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். போதகர் எழுந்து நில்லுங்கள் என்றார். எழுந்துவிட்டேன். எழுந்த பிறகு, எதற்குச் சாட்சியாக நிற்கிறேன் என்று தெரியவில்லை. அதுதான் நடந்துவிட்டேன். பிறகு வீட்டில் நீ கேட்டாய்.

யார்மேலும் தப்பில்லை என்கிறார் டாக்டர். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மாத்திரையை விட்டேன், குடித்தேன், ஊர் சுற்றினேன் என்றால் ஒரு காரணம் இருக்கும். உன் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்பேன். இதில் எதற்கு மன்னிப்புக் கேட்பது? ஏழு வருஷம் கழித்து என் உடம்பு அதைப் பார்த்து, நீ யார் என்று கேட்டுவிட்டது. இது என் அக்காவுடையது என்று உடம்பிடம் சொல்ல வழியில்லை.

மழைக்காலம் முடிந்ததிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் இங்கே வருகிறேன். மற்ற நாளில் கடையில் முடிந்த வேலை. நீ தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று எழுதியிருந்தாயே, படித்துச் சிரித்துவிட்டேன். எனக்கு இப்போது தண்ணீரே ஆகாது. குடித்தால் வெளியே போக வழியில்லை. நாள் முழுவதற்கும் சின்ன டம்ளர் கணக்குத்தான். நாக்கு வறண்டால் ஒரு ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொள்கிறேன். பிரிட்ஜ் ரிப்பேர்காரனுக்கு அதற்காவது பஞ்சமில்லை.

பக்கத்து நாற்காலியில் ஒரு கறிக்கடைக்காரர். சாமி, கோயில் எதுவும் இல்லாத ஆள். என்னிடம் சொந்தம் இரண்டு, நீ கொடுத்தது ஒன்று, ஆக மூன்று இருக்கிறது, ஒன்றும் வேலை செய்யவில்லை என்று சொன்னேன். “என் கடையில இருந்திருந்தா இந்நேரம் வித்திருப்பேன்” என்றார். சிரித்ததில் மெஷின் அலறி, சிஸ்டர் ஓடி வந்து இரண்டு பேரையும் திட்டினாள்.

சின்ன வயதில் நீ என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தாய், இப்போது உன்னுடையதை நான் இடுப்போரம் வைத்துக்கொண்டு திரிகிறேன் என்று உன்னிடம் கேலியாகச் சொல்வேன். என்னால் அதைச் சுமக்க முடியவில்லை. போதகரிடம் என்ன சொல்வாயோ, சொல்லிக்கொள்.


மார்ச் 22

தம்பி,

உன் கடிதத்தை வேலைக்குப் போன இடத்தில் பிரித்தேன். அது தப்பு. எதிரே அந்தப் பெண் விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு என்னை நோக்கி நடந்து வந்தாள். நான் இடத்தை விட்டு அசையவில்லையாம். கையில் இருந்த முனையை விட்டுவிட்டேனாம். துணி தரையில் கிடந்தது என்று பிறகு சொன்னார்கள்.

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. தண்ணீர் குடி என்றுகூட இனி எழுத முடியாது.

ஆஸ்பத்திரிக்குப் போய் நம் டாக்டரம்மாவைப் பார்க்கப் போகிறேன். அதற்குப் பிறகு உன்னிடம் வருகிறேன்.


மார்ச் 27

அக்கா,

வராதே. இது கோபத்தில் எழுதுவது இல்லை.

நீ வந்தால் சும்மா வரமாட்டாய். எனக்குத் தெரியும். ஒரு பை நிறைய எதையாவது கொண்டுவருவாய், டாக்டரோடு வாக்குவாதம் பண்ணுவாய், சிஸ்டரிடம் எனக்கு நல்ல நாற்காலி கேட்பாய். கடையில் நான் தூங்கும் அறையைப் பார்ப்பாய். பழைய கம்ப்ரசர்களுக்கு நடுவே ஒரு கட்டில், அவ்வளவுதான் அறை. பார்த்ததும் உன் முகம் போகும் போக்கை என்னால் பார்க்க முடியாது. உன் முகத்துக்காகத்தான் இத்தனை நாள் ஓடி ஒளிந்தேன்.

கறிக்கடைக்காரர் நாற்காலி இரண்டு முறையாகக் காலியாக இருக்கிறது. கேட்க எல்லோருக்கும் பயம். கடைசியில் சிஸ்டரே சொன்னாள், அவருக்குக் கிட்னி கிடைத்துவிட்டதாம். விபத்தில் இறந்த யாருடையதோ. எங்களுக்கு எல்லாம் சந்தோஷம். சந்தோஷப்பட்டுவிட்டு யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

என் பெயரும் வரிசையில் இருக்கிறது. ஆனால் ஒருமுறை வேறொருவருடையதை வைத்துக் கெட்டுப்போன உடம்பு, இன்னொன்றைச் சுலபத்தில் சேர்க்காதாம். பொருத்தமானது கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். டாக்டர் இதைச் சொல்லும்போது பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார்.


ஏப்ரல் 3

தம்பி,

நான் வரவில்லை. ஆனால் டாக்டரம்மாவைப் பார்த்தேன். நடந்ததை அப்படியே சொல்கிறேன், சிரிக்காதே.

நமக்கு அன்று ஆபரேஷன் செய்த அதே டாக்டரம்மாதான். என்னை ஞாபகம் வைத்திருந்தார். உன்னைப் பற்றிச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு நான், “என்கிட்ட இன்னொண்ணு இருக்கே டாக்டர், அதையும் எடுத்து அவனுக்கு வச்சிடுங்க” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “அதை எடுத்தா நீங்க அவர் பக்கத்து நாற்காலியில படுக்கணும்மா” என்றார்.

“படுத்துக்கறேன்.”

“எந்த ஊர்லயும் எடுக்க மாட்டாங்க. எடுக்கக் கூடாது. வீட்டுக்குப் போங்க.”

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். தம்பி, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அத்தானிடம்கூடச் சொல்லவில்லை. எடுக்க மாட்டோம் என்று டாக்டரம்மா சொன்னதும் எனக்குள்ளிருந்து ஒரு மூச்சு வந்தது. அப்பாடா என்று வரும் மூச்சு. நான் மனசாரத்தான் கேட்டேன், சத்தியமாக. ஆனால் அந்த மூச்சும் என்னுடையதுதான். அது என் காதில் விழுந்தது. கடவுள் காதிலும் விழுந்திருக்கும்.

அந்தப் பெஞ்சில்தான் எனக்கு உறைத்தது. கிறிஸ்து தமக்கென்று எதையும் வைத்துக்கொள்ளவில்லை. நான் இரண்டில் ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஒன்றைக் கொடுத்தவள். மனுஷியால் அவ்வளவுதான் முடியும், அதற்காக வெட்கப்படவில்லை. ஆனால் வருஷா வருஷம் போதகர் என்னைக் கொண்டுபோய்க் கிறிஸ்துவின் பக்கத்தில் நிறுத்தினார், நானும் கூச்சமில்லாமல் நின்றேன். எழுந்து நின்றது நீ. உயர்ந்து நின்றது நான். நீ நன்றாக இருக்கும் வரைதான் எனக்கு அந்த உயரம். அதற்காகத்தான் அப்படிக் காவல் காத்தேனோ என்னவோ. இல்லை, உன்மேல் உயிரை வைத்திருந்ததால்தான். இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை.

போதகரிடம் சொன்னேன். மனிதர் அதிர்ந்து போய்விட்டார். பிரசங்க நோட்டை மூடி வைத்துவிட்டு, “இந்த வருஷம் அந்த உதாரணத்தை விட்டுடலாம்மா” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. “கிட்னி போனா உதாரணமும் போயிடுமா ஐயா? அப்ப இத்தனை வருஷமா நீங்க எதைப் பத்திப் பேசினீங்க?” என்று கேட்டேன்.

பிறகு, “எனக்குத் தெரியலம்மா” என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. அன்றைக்குத்தான் அவரோடு உட்கார்ந்து ஜெபிக்க எனக்கு மனசு வந்தது. இரண்டு பேரும் பேசாமலேயே ஜெபித்தோம்.

என்னிடம் கொடுக்க இனி எதுவும் இல்லை. உன்னிடம் எப்படி வருவது என்று தெரியவில்லை. எதையாவது தூக்கிக்கொண்டு வராமல் எனக்கு உன் வாசலில் நிற்கத் தெரியாது.

அக்கா


ஏப்ரல் 12

அக்காவுக்கு,

இன்று கறிக்கடைக்காரர் வந்தார். ஆபரேஷன் முடிந்து செக்கப்புக்கு வந்தவர், எங்களைப் பார்க்க வார்டு வாசலில் முகமூடி கட்டிக்கொண்டு நின்றார். உள்ளே வரக் கூடாது. சிஸ்டர் என் நாற்காலியை மெஷினோடு கொஞ்சம் வாசல் பக்கம் திருப்பிவிட்டாள். ஆள் இளைத்திருந்தார், ஆனால் முகத்தில் களை இருந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“ஒண்ணுக்கு வருதுப்பா” என்றார். அதைச் சொல்லும்போதே அழுதுவிட்டார். எங்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

பிறகு சொன்னார். “அந்தப் பையன் யாருன்னு சொல்ல மாட்டேங்கறாங்க. சின்ன வயசாம். நான் தினமும் வேண்டிக்கிட்டேன், எனக்கு ஒண்ணு கிடைக்கணும்னு. யார்கிட்ட வேண்டினேன்னுகூடத் தெரியாது, ஆனா வேண்டினேன். அவன் சாகணும்னு நான் வேண்டலை. ஆனா ரெண்டும் ஒண்ணுதானே? ஒருத்தன் சாகாம எனக்கு எப்படிக் கிடைக்கும்?”

அவர் முகமூடியை ஏற்றி விட்டுக்கொண்டார்.

“நீங்க சொல்வீங்களே, உங்க ஆளு ஒருத்தர் செத்துத்தான் நீங்க எல்லாரும் பிழைச்சீங்கன்னு. அதைத் தெரிஞ்சுக்கிட்டு எப்படிப்பா நிம்மதியா சாப்பிடறீங்க? எனக்குச் சோறு இறங்கலையே.”

அவர் கேட்டது சரிதான் அக்கா. நாம் நிம்மதியாகத்தான் சாப்பிடுகிறோம். பெரிய வெள்ளி ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால் முதலில் பசிக்கிறது என்றுதானே சொல்வோம். சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு, சிலுவை நமக்குப் பழகிப்போய்விட்டது. யாரிடமும் ஜெபம் கற்றுக்கொள்ளாத ஒரு ஆள் கையில் அது நேற்று நடந்த சாவு மாதிரி இருந்தது.

அவர் போன பிறகு வெகுநேரம் யோசித்தேன். எனக்கு ஏன் சிலுவை என்றாலே எரிச்சல் வந்தது என்று புரிந்தது. மீட்பு என்றால், ஒருவர் கொடுத்துவிட்டு தினமும் போன் பண்ணி, தண்ணீர் குடித்தாயா என்று கேட்பது என்று நினைத்துவிட்டேன். கடவுளும் உன் குரலில்தான் பேசுவார் என்று நினைத்தேன். கடவுளின் நாற்காலியில் உன்னை உட்கார வைத்தது போதகர் மட்டும் இல்லை, நானும்தான். நீ என் அக்கா. கணக்கு வராவிட்டால் காதைத் திருகுகிறவள். நீ எனக்கு ஏழு வருஷம் கொடுத்தாய், அது லேசுப்பட்டது இல்லை. ஆனால் நீ என்னை மீட்கவில்லை அக்கா. உன்னால் முடியாது. இதை எழுதியதும் உன்மேல் இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

கிறிஸ்து எனக்காகச் செத்தார் என்றால், அது நான் உருப்படுவேன் என்று பார்த்துச் செய்தது இல்லையே. வீணாகிப் போகிறவன் என்று தெரிந்தே செய்தது. அப்படியானால் நான் இப்போது வீணாகிக்கொண்டிருப்பது அவருக்குப் புதிய செய்தி இல்லை. ஆறுதலா இது என்று கேட்காதே. எனக்கும் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. சில நாள் மெஷினை விட்டு எழும்போது கால் தரையில் படுவதே தெரிவதில்லை. ஆனால் இதைப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறேன்.

நீ வா. பெரிய வெள்ளி அன்று எனக்கு இங்கே முறை. ஆராதனைக்குப் போக வேண்டும் என்றால் போ, இல்லையென்றால் இங்கே வா. ஒரே நிபந்தனை. பை வேண்டாம், டப்பா வேண்டாம், டாக்டருக்குக் கேள்வி வேண்டாம். வெறுங்கையோடு வா. வந்து பக்கத்தில் உட்கார், போதும்.

சுண்டு


ஏப்ரல் 19

சுண்டு,

வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் ஜன்னல் ஓர இடம் கிடைத்தது.

நேற்று உன்னிடம் ஒன்றும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன். வெறுங்கையோடு வா என்று சுலபமாக எழுதிவிட்டாய். கை இரண்டையும் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மடியில் வைத்தேன், நாற்காலிக் கையில் வைத்தேன். உன் கையில் ஊசி குத்தும்போது கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு உன் உதடு வறண்டிருப்பதைப் பார்த்தேன். பக்கத்து மேசையில் தண்ணீர் இருக்கிறது, எடுத்துக் கொடுக்கக் கூடாது. எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேண்டாம். நீ தூங்கிவிட்டாய். உன் ரத்தம் டியூபில் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பெரிய வெள்ளியன்று நான் ஆராதனைக்குப் போகாதது இதுதான் முதல் தடவை. அங்கே இந்நேரம் எதைப் படித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். அப்போது சிலுவையருகே நின்ற பெண்கள் ஞாபகம் வந்தது. அவர்களைப் பற்றி யாரும் பெரிதாகப் பிரசங்கம் பண்ணிக் கேட்டதில்லை. என்ன இருக்கிறது பண்ண? அவர்களால் ஆணியைப் பிடுங்க முடியவில்லை. இறக்கிவிட முடியவில்லை. தாகம் என்றபோது ஒரு வாய் தண்ணீர்கூட அவர்கள் கையால் கொடுக்க முடியவில்லை. யாருக்கும் எந்தப் பயனும் இல்லாமல் நின்றார்கள். ஒன்றும் செய்யவில்லை. போகவும் இல்லை.

நான் அவ்வளவு நேரம் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், சுண்டு. என் வாழ்க்கையில் இவ்வளவு உபயோகமில்லாமல் நான் இருந்ததே இல்லை.

செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு.

அக்கா


ஏப்ரல் 23

அக்கா,

பெரிய வெள்ளியன்று நான் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். என் காலில் கிடந்த போர்வையை நீ எடுத்து மடித்தாய், மறுபடி உதறிப் போர்த்தினாய், மறுபடி எடுத்து மடித்தாய். எதிர் முனையைப் பிடிக்க ஆள் இல்லாமல் தாடையில் இடுக்கிக்கொண்டு மடித்தாய். சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. அதனால்தான் கண்ணைத் திறக்கவில்லை.

நேற்று நீ வந்துவிட்டுப் போன பிறகு டாக்டர் வந்தார். வரிசையில் எனக்குப் பொருந்துகிற மாதிரி இதுவரை எதுவும் இல்லை என்றார். இந்த மெஷினோடுதான் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம். நான் கேட்டேன், அக்காவுடையது செத்துப்போய் உள்ளே இருக்கிறதே, அதை எப்போது எடுப்பீர்கள் என்று. “அதை எதுக்கு எடுக்கணும்? தொந்தரவு பண்ணாத வரைக்கும் அங்கேயே இருக்கட்டும்” என்றார். அப்படித்தான் விடுவார்களாம். எனக்கு என்ன ஆனாலும் அது என்னோடுதான் இருக்கும்.

அறைக்கு வந்து படுத்துக்கொண்டு இடுப்போரம் கையை வைத்துப் பார்த்தேன். இளைத்துவிட்டதால் இப்போது நன்றாகவே தட்டுப்படுகிறது. உன் கைமுஷ்டி அளவில், கெட்டியாக இருக்கிறது. ஒன்றும் செய்வதில்லை. போகவும் இல்லை.

சுண்டு